எஞ்சின் டிரைவர் மெக்கீயின் எட்டு நாட்கள்

1917 அக்டோபர் 4ஆம் தேதி காலை, பெல்ஜியத்தில் ஒரு சேற்றுமேட்டில், லூயிஸ் மெக்கீ என்ற ஆஸ்திரேலிய சார்ஜன்ட் கையில் ஒரே ஒரு ரிவால்வரோடு ஜெர்மானிய பங்கரை நோக்கித் தனியாக ஓடினார். பங்கரைப் பிடித்தும்விட்டார். அதற்காக அவருக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள்; போர்க்கள வீரத்துக்கான உயர்ந்த பிரிட்டிஷ் பதக்கம் அது. பதக்கம் அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. அக்டோபர் 12ஆம் தேதி, அந்த பங்கரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், அடுத்த தாக்குதலில் கொல்லப்பட்டிருந்தார். வயது 29. படைக்கு வருவதற்கு முன்பு டாஸ்மேனியாவில் ரயில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தவர்.

அவருடைய கதையை வீரக்கதையாகச் சொல்லி முடித்துவிடுவது சுலபம். பல இடங்களில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது நடுவிலுள்ள அந்த எட்டு நாள். அதே பட்டாலியன், அதே டிவிஷன், அதே தளபதி, எதிரே அதே மேடு. முதல் தடவை போட்ட திட்டம் அப்படியே நடந்தது. அடுத்த தடவை ஆயிரக்கணக்கில் செத்து, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பி வந்து நின்றார்கள். எட்டு நாளில் யாருடைய தைரியமும் தேய்ந்துபோய்விடவில்லை. பீரங்கிக்குக் குண்டு போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். சரக்கை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுசேர்ப்பதே பிழைப்பாக இருந்த ஒருவர், சரக்கு போய்ச் சேராததால் தோற்ற போரில் இறந்தார்.

மெக்கீ பிறந்தது 1888 மே 13, டாஸ்மேனியத் தீவின் நடுப்பகுதியில். ஆட்டுப்பண்ணைகள் நிறைந்த ஊர்ப்புறம். அந்தத் தீவின் அரசு ரயில்வே மூன்றரை அடி அகலத் தண்டவாளத்தில் ஓடியது. மீட்டர் கேஜ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த அளவு ஏறக்குறையப் பழக்கமானதுதான். பிரதான பாதையிலிருந்து கிழக்கே பிரிந்து அவோகா என்ற ஊர் வழியாகப் போகும் ஃபிங்கல் கிளைப்பாதை நிலக்கரிப் பள்ளத்தாக்கை ஒட்டிப் போவது. மெக்கீயின் பெயர் அந்த அவோகாவோடு சேர்த்தே சொல்லப்படுகிறது.

நீராவிக் காலத்தில் டிரைவர் ஆவது லேசான காரியமல்ல. பையனாக ஷெட்டில் நுழைந்தால் முதலில் கிளீனர் வேலை. எண்ணெய்த் துணியும் கையுமாக எஞ்சினைத் துடைத்துத் துடைத்தே அதன் ஒவ்வொரு உறுப்பும் மனப்பாடமாகும். அப்புறம் ஃபயர்மேன். ஓடுகிற வண்டியில் கால் ஊன்றி நின்று கரி அள்ளிப் போட வேண்டும். எங்கே ஏற்றம் வருகிறது, அதற்கு எவ்வளவு முன்னாலேயே நெருப்பை ஏற்றிவைக்க வேண்டும் என்பதெல்லாம் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. கொதிகலன் முகப்பில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது அதுதான். அதில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டால், நெருப்புப்பெட்டியின் மேல்தகடு வறண்டு, பழுத்து, பிளந்துகொள்ளும். வண்டியில் இருக்கிறவர்கள் பிழைப்பது கஷ்டம். அதனால் ஒரு கண் பாதையில், ஒரு கண் குழாயில். இந்தப் படிகளையெல்லாம் ஏறி டிரைவர் ஆனவருக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு.

1914இல் மெக்கீக்குக் கல்யாணம். உலகப்போர் தொடங்கியதும் அதே வருஷம்தான். ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1916 மார்ச் 1ஆம் தேதி அவர் படையில் சேர்ந்தார்.

யாரும் கட்டாயப்படுத்திச் சேர்க்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கட்டாய ராணுவச் சேவை வேண்டுமா என்று ஆஸ்திரேலியா தன் மக்களிடமே இரண்டு முறை, 1916 அக்டோபரிலும் 1917 டிசம்பரிலும், வாக்கெடுப்பு நடத்தியது. இரண்டு முறையும் மக்கள் வேண்டாம் என்றார்கள். ஆக வெளிநாடு போய்ச் சண்டை போட்ட ஆஸ்திரேலியர்கள் எல்லாரும் தாமாகச் சேர்ந்தவர்கள். சாதாரணச் சிப்பாய்க்குத் தினக்கூலி ஆறு ஷில்லிங்; பிரிட்டிஷ் சிப்பாயோடு ஒப்பிட்டால் தாராளம். நிரந்தர அரசு வேலையில் இருக்கிற, கைக்குழந்தைக்காரரான எஞ்சின் டிரைவருக்கு ஆறு ஷில்லிங் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 1915இல் துருக்கியின் கலிபோலியில் ஏற்பட்ட இழப்புகளுக்குப் பிறகு ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டினார்கள். கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ரயில்வேக்காரர்கள் பெருந்தொகையாகவே போனார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநில ரயில்வே, டிராம்வே ஊழியர்களில் மட்டும் 8,000 பேருக்கு மேல் படையில் சேர்ந்து, சுமார் 1,200 பேர் திரும்பவில்லை.

மெக்கீயைச் சேர்த்தது 40ஆவது பட்டாலியனில். முழுக்க டாஸ்மேனியர்களைக் கொண்டே கட்டப்பட்ட பட்டாலியன். 1916 ஜூலை 1ஆம் தேதி ஹோபார்ட்டில் கப்பலேறினார்கள். அதே நாளில், பூமிப்பந்தின் மறுபக்கத்தில், பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் காலையில் பிரிட்டிஷ் படை கிட்டத்தட்ட 20,000 பேரைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தது.

இங்கிலாந்தில் மாதக்கணக்கில் பயிற்சி நடந்தது. அவர்கள் சேர்ந்திருந்த 3ஆவது டிவிஷனை மற்ற ஆஸ்திரேலிய டிவிஷன்கள் கிண்டலடித்தன. "ஆழ்ந்து யோசிப்பவர்கள்" என்பது பட்டப்பெயர். அதாவது, படையில் சேர்வதற்கு இவ்வளவு நாள் யோசித்தவர்களாம். டிவிஷனின் தளபதி ஜான் மொனாஷ் தொழிலால் சிவில் எஞ்சினியர். இருபது வயதுகளில் மெல்பர்னின் புறநகர் ரயில் பாதை ஒன்றைப் போடும் வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர். மண்ணை வெட்டிப் பாதை போடுவது என்றால் என்ன, எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்த ஜெனரல்கள் அந்தப் போரில் அதிகம் பேர் இல்லை. இவர் ஒருவர்.

ஒரு கேள்வி எழலாம். எஞ்சின் டிரைவரைக் கொண்டுபோய் ஏன் காலாட்படையில் போட்டார்கள்? 1916 தொடக்கத்தில் ராணுவத்துக்கு அந்தப் புத்தி வரவில்லை என்பதுதான் பதில். சோம் போரில் குண்டுகளும் தளவாடங்களும் துறைமுகங்களில் மலையாகக் குவிந்து கிடந்தன, போர்முனைக்கு வரவில்லை. அப்போதுதான் பிரிட்டிஷ் ராணுவம் எரிக் கெடிஸ் என்ற ரயில்வே நிர்வாகியைக் கூப்பிட்டுப் போக்குவரத்தை அவர் கையில் கொடுத்தது. அவர் வந்ததும் இரண்டடிக்கும் குறைவான அகலத்தில் குட்டித் தண்டவாளங்கள் போர்முனை நெடுகப் படர்ந்தன. எஞ்சின் ஓட்டத் தெரிந்த ஆட்களைக் கேட்டு ஆஸ்திரேலியா, கனடா போன்ற, பிரிட்டிஷ் பேரரசின் தன்னாட்சி நாடுகளுக்குக் கோரிக்கை போனது. ஆஸ்திரேலிய ரயில்வேக்காரர்களைக் கொண்ட தனி கம்பெனிகள் 1917இல் வந்து சேர்ந்து, இதே பெல்ஜிய முனைக்குப் பின்னால் ரயில் ஓட்டின. மெக்கீ ஒரு வருஷம் முந்திக்கொண்டார். அதற்குள் அவர் சார்ஜன்ட் ஆகியிருந்தார்.

ஆஸ்திரேலியாவில் அப்போது நடந்ததையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1917 ஜூலை 31 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்குக் கிழக்கே பிரிட்டிஷாரின் பெரும் தாக்குதல் தொடங்கியது. அதற்கு இரண்டு நாள் கழித்து சிட்னி ரயில்வே பட்டறைகளில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று அட்டையில் எழுதி மேற்பார்ப்பது என்ற புது ஏற்பாட்டை எதிர்த்து. அது மற்ற தொழில்களுக்கும் பரவி மாநிலத்தையே உலுக்கியது. அதில் கலந்துகொண்டு பதவி இழந்தவர்களில் ஒருவர் மெக்கீயைவிட மூன்று வயது மூத்த ஓர் எஞ்சின் டிரைவர், பென் சிஃப்லி. அவர் பிற்பாடு ஆஸ்திரேலியாவின் பிரதமர் ஆனார்.

சரி, முனைக்கு வருவோம்.

ஈப்பரைச் சுற்றியுள்ள நிலம் தட்டை. தண்ணீர்மட்டம் மேலேயே இருக்கிறது. கொஞ்சம் தோண்டினாலே ஊறும். அதனால் ஜெர்மானியர்கள் தோண்டுவதை விட்டுவிட்டுக் கட்டினார்கள். ரைன் ஆற்றுப் பக்கமிருந்து சரளைக்கல் வந்தது. கம்பி கட்டி, ஒரு மீட்டருக்கும் மேல் தடிமனான சுவர் வைத்து, தரைக்கு மேல் தலைகாட்டும் கான்கிரீட் கட்டடங்களை நூற்றுக்கணக்கில் எழுப்பினார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் அவற்றுக்கு வைத்த பெயர் மாத்திரை டப்பா. களப் பீரங்கியின் குண்டு மேலே விழுந்தால் தெறித்துவிடும். உள்ளே இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, குண்டுமழை கடந்ததும் இயந்திரத் துப்பாக்கியை எடுத்து வைத்தால் போதும்.

ஆனால் டப்பாவுக்கு ஒரு பலவீனம். வாசல் பின்னால். பார்க்கும் கோணம் குறுகல். பக்கவாட்டில் அதற்குக் கண் தெரியாது. அதனால் 1917 கோடைக்குள் ஒரு முறை உருவாகிவிட்டது. நான்கைந்து பேர் லூயிஸ் கன் என்ற இலகுரக இயந்திரத் துப்பாக்கியாலும், ரைஃபிளிலிருந்து ஏவும் கிரனேடாலும் முன்பக்கத்தை மும்முரமாக வைத்திருக்க வேண்டும். வேறு சிலர் குழிக்குக் குழி ஊர்ந்து பின்னால் போய் வாசல் வழியே குண்டு வீச வேண்டும். கூட்டாகச் செய்யும் வேலை.

அக்டோபர் 4 காலை 6 மணிக்குப் பிரிட்டிஷ் பீரங்கிகள் முழங்கின. ப்ரூட்சைண்டெ என்ற குன்றுச்சரிவைப் பிடிக்க மூன்று ஆஸ்திரேலிய டிவிஷன்களும் நியூசிலாந்து டிவிஷனும் முதன்முறையாக ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்றன. விநோதம் என்னவென்றால், ஜெர்மானியர்களும் அன்று காலை அதே நேரத்துக்குத்தான் தாக்குதல் திட்டமிட்டிருந்தார்கள். தெற்குப் பக்கத்தில் இரண்டு படைகளும் நடுவெளியில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன.

பிரிட்டிஷ் தளபதி ப்ளூமரின் திட்டம் எளிமையானது. ஆயிரம், இரண்டாயிரம் கஜத்துக்குள் எல்லை போட்டுக்கொள்வது. அந்த எல்லை வரைக்கும் காலாட்படைக்கு முன்னால் நகர்ந்து போகும் சுவர் மாதிரி குண்டு பொழிவது. எல்லையை அடைந்ததும் நின்று தோண்டி உட்கார்ந்துகொள்வது. கடிக்க முடிந்த அளவு கடித்து, வாயில் வைத்துக்கொள்வது. 3ஆவது டிவிஷனில் கடைசிக் கோட்டைப் பிடிக்கும் பொறுப்பு வந்த பட்டாலியன்களில் 40ஆவதும் ஒன்று. ஹாம்பர்க் என்று வரைபடத்தில் பெயரிடப்பட்டிருந்த பங்கரிலிருந்து இயந்திரத் துப்பாக்கி சுட, மெக்கீயின் பிளாட்டூன், அதாவது பட்டாலியனில் அவருடைய சிறு பிரிவு, மாட்டிக்கொண்டது. எழுந்தவர்கள் விழுந்தார்கள்.

மேலே சொன்ன அந்த முறைக்கு நேரம் வேண்டும். முன்னால் போய்க்கொண்டிருக்கும் குண்டுச்சுவரோ யாருக்கும் காத்திருக்காது; அது போய்விட்டால் பட்டாலியன் முழுதும் வெட்டவெளியில். மெக்கீ தனியாக எழுந்து ஓடினார். ரிவால்வரில் இருப்பது ஆறு தோட்டா. சேற்றில், குழிகளுக்கு நடுவே, சுட்டுக்கொண்டிருக்கும் துப்பாக்கியை நோக்கி. துப்பாக்கிக் குழுவில் சிலரைச் சுட்டார், மிச்சப் பேரைப் பிடித்தார். அதற்குப் பிறகு செய்ததையும் பதக்கக் குறிப்பு சொல்கிறது. எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கிறது. பிளாட்டூனில் மிஞ்சியவர்களை ஒன்றுசேர்த்து, வரிசைப்படுத்தி, கடைசிக் கோடு வரை கூட்டிக்கொண்டு போனார். அங்கே நிலையைப் பலப்படுத்தும் வேலையிலும் நின்றார்.

அன்று பிடிபட்ட ஜெர்மானியர் ஏறக்குறைய 5,000 பேர். ஆஸ்திரேலியர்களிலும் 6,000 பேருக்கு மேல் இறந்தும் காயப்பட்டும் போனார்கள். அதை வெற்றி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தலைமைத் தளபதி ஹெய்க் எதிரி நொறுங்கிவிட்டான் என்று நம்பினார்.

அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது.

இதற்கு முந்தைய தாக்குதல்களுக்கு நடுவே நாள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல. முன்னேறிய தூரத்துக்குப் பீரங்கியும் முன்னேற வேண்டும். அதற்குப் பாதை வேண்டும். ஈப்பர் வரை பெரிய ரயில், அங்கிருந்து குட்டி ரயில், அதற்கப்பால் மரப்பலகை அடுக்கிய சாலை, அதுவும் முடிந்தால் கோவேறு கழுதை. இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் முன்னே நகர வேண்டும். எவ்வளவு சரக்கு என்று ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: இந்தப் போரின் தொடக்கக் குண்டுவீச்சுக்கு மட்டும் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் செலவாயின. ஒரு கழுதை சுமப்பதோ 18 பவுண்டர் என்ற களப் பீரங்கியின் குண்டு எட்டு.

முன்பு ஓடைகளாக இருந்தவை இரண்டு மாதக் குண்டுவீச்சில் கரை இழந்து சதுப்பாகியிருந்தன. மழை விழுந்ததும் பீரங்கிகள் அச்சுவரை புதைந்தன. முன்னே கொண்டுபோக முடியாதவற்றைப் பலகைச் சாலை ஓரத்திலேயே நிறுத்தினார்கள். சுடும்போது பின்னுதைப்பில் மேடை சாய்ந்து, ஒவ்வொரு குண்டுக்கும் குறியைத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. குண்டுகள் கழுதை முதுகில் மணிக்கணக்கில் வந்தன. சேறு அப்பி வந்ததைத் துடைத்த பிறகே பீரங்கியில் ஏற்ற முடிந்தது. பாதையை விட்டு இறங்கிய கழுதை பல சமயம் திரும்பி ஏறவில்லை.

அக்டோபர் 9 அன்று பிரிட்டிஷ் டிவிஷன்கள் முயன்று பார்த்துத் தோற்றன. அப்படியும் 12ஆம் தேதி அடுத்தது என்று முடிவானது. ஒரு நாளாவது தள்ளிவையுங்கள் என்று மொனாஷ் கேட்டார். மேலே மறுத்துவிட்டார்கள். அடுத்த தாக்குதலுக்கு நாள் கேட்டவர் ஒரு காலத்தில் ரயில் பாதை போட்ட எஞ்சினியர் என்பதை நினைக்கையில், அந்த மறுப்பு எனக்கு இன்னும் கசக்கிறது. ஈர மண்ணில் எவ்வளவு நாளில் எவ்வளவு பாதை போடலாம் என்று அவருக்குத் தெரியாமலா கேட்டிருப்பார்?

12ஆம் தேதி விடிகாலை 5.25க்குக் கிளம்பினார்கள். இரவெல்லாம் மழையில் நடந்து, புறப்படும் கோட்டுக்கு வரும்போதே களைத்துப்போயிருந்தார்கள். பாதுகாப்பாக முன்னால் போக வேண்டிய குண்டுச்சுவர் மெல்லிய திரையாகவே இருந்தது. சில இடங்களில் அது இருக்கிறதா என்றே தெரியவில்லை. முள்கம்பி அறுபடவில்லை, டப்பாக்கள் அப்படியே முழுசாக நின்றன. இடது பக்கம் நியூசிலாந்துக்காரர்கள் கம்பியில் சிக்கிக்கொள்ள, ரேவ்பேக் ஓடைச் சதுப்பின் ஓரமாக ஏறிய 40ஆவது பட்டாலியன் எதிர்ச்சரிவிலிருந்து வந்த சூட்டில் அகப்பட்டது. அவர்களுடைய பிரிகேடையே சேர்ந்த 38ஆவது பட்டாலியனில் இருபது பேர் போல, மேட்டின் மேலிருந்த பாஷண்டேல் கிராமத்தின் தேவாலயம் வரைக்கும் போய்விட்டார்கள். அங்கே யாருமில்லை. பின்னால் துணைக்கும் யாரும் வரவில்லை. திரும்பி வந்தார்கள்.

அன்று 3ஆவது டிவிஷனின் இழப்பு 3,000 பேருக்கு மேல். நியூசிலாந்துக்கு அதன் வரலாற்றிலேயே அதிக உயிர் போன ஒற்றை நாள் அதுதான். மெக்கீ அன்று கொல்லப்பட்டார். அதே டிவிஷனில், அதே நாளில், இன்னொருவரும் பங்கர்களைப் பிடித்து விக்டோரியா கிராஸ் பெற்று உயிர்விட்டார்: கிளாரன்ஸ் ஜெஃப்ரீஸ், சுரங்க அளவையாளர், 22 வயது கேப்டன்.

மெக்கீயின் பதக்கம் அரசிதழில் வந்தது நவம்பர் 26. அவர் இறந்து ஆறு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

கதையின் மிச்சத்தைக் கனடியர்கள் முடித்தார்கள். அடுத்து அவர்களைத்தான் அனுப்பினார்கள். அவர்களுடைய தளபதி ஆர்தர் கர்ரி, பாதை இல்லாமல் தாக்குதல் கிடையாது என்று பிடிவாதம் பிடித்தார். பலகைச் சாலைகள், டிராம் தண்டவாளங்கள், பீரங்கிகளுக்குத் திடமான மேடைகள் என்று முதலில் கட்டினார்கள். அக்டோபர் 26 அன்றுதான் கிளம்பினார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு அடிக்கும் ரத்தம் சிந்தினார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நவம்பர் 6இல் பாஷண்டேல் கிராமம் கைக்கு வந்தது. 1918 ஏப்ரலில் ஜெர்மானியர் வேறு பக்கம் உடைத்துக்கொண்டு வந்தபோது, பிரிட்டிஷார் அந்த மேட்டை முழுக்கக் காலிசெய்துவிட்டுப் பின்வாங்கினார்கள்.

நவம்பர் 6 அன்று இறந்தவர்களில் ஜேம்ஸ் பீட்டர் ராபர்ட்சன் ஒருவர். இவரும் ஒரு இயந்திரத் துப்பாக்கியை நோக்கி ஓடிப் பிடித்தவர். பிறகு காயப்பட்டவர்களைத் தூக்கிவரப் போய் உயிர்விட்டார். இவருக்கும் விக்டோரியா கிராஸ். இவருக்கும் தொழில் எஞ்சின் டிரைவர். கனடியன் பசிபிக் ரயில்வே.

இரண்டு டிரைவர்களும் இன்று ஒரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். பெயர் டைன் காட். ஜெஃப்ரீஸும் அங்கேதான். அந்த இடத்தை அக்டோபர் 4 அன்று பிடித்ததே மெக்கீயின் டிவிஷன். அங்கிருந்த பங்கர் ஒன்று காயப்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்க்கும் இடமாகி, பிழைக்காதவர்களை அதன் பக்கத்திலேயே புதைக்கத் தொடங்கியதில் உருவான தோட்டம். போர் முடிந்தபின் சுற்றுவட்டாரத்திலிருந்து தோண்டியெடுத்தவர்களையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். இப்போது ஏறக்குறைய 12,000 பேர். அவர்களில் 8,300 பேருக்கு மேல் பெயர் தெரியாதவர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறைகளில் உலகிலேயே பெரியது. வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேக்கர். டெல்லியின் தலைமைச் செயலகக் கட்டடங்களைக் கட்டிய அதே பேக்கர். நடுவிலுள்ள பெரிய சிலுவை ஒரு ஜெர்மானிய பங்கரின் தலைமேல் நிற்கிறது. 1922இல் வந்து பார்த்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சொன்ன யோசனை அது. சுற்றிக் கல் பதித்துவிட்டாலும் ஒரு சின்னச் சதுரத்தில் பழைய கான்கிரீட்டைத் தெரியும்படி விட்டுவைத்திருக்கிறார்கள்.

கல்லறைக்குத் தெற்கே ஈப்பரிலிருந்து ரூசலாரெ போகும் ரயில் பாதை ஒன்று இருந்தது. அக்டோபர் 12 தாக்குதலில் 3ஆவது டிவிஷனுக்கு வலது எல்லை அந்தத் தண்டவாளம்தான். போருக்குப் பிறகு அதில் மறுபடி வண்டி ஓடியது, பின்னாளில் மூடிவிட்டார்கள். தண்டவாளத்தையும் பெயர்த்தெடுத்தாயிற்று. இப்போது சொன்னபேக் ஊரிலிருந்து டைன் காட்டுக்கு நடந்தோ சைக்கிளிலோ வருகிறவர்கள் அந்தப் பழைய ரயில் பாதையின் மேலேயே வரலாம்.